சிறுகுறிஞ்சானும் ஜவ்வரிசிப் பாயசமும்

கைப்பக்குவம் உள்ளவளுக்கு வாய் அடங்காது. எனக்கு இரண்டும் இருந்தன. (கைப்பக்குவம் இன்றைக்கும் இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.)

எழுபதுகளில், நான் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவருசம். என் வீட்டுக்காரரின் தங்கை பிலோமியைப் பெண் பார்க்க வேம்பாரிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இதாவது அமையட்டும் என்று வீடே செபமாலை உருட்டியது. பாயசம் என் பொறுப்பு.

மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, சர்க்கரை வியாதி. வைத்தியர் சொன்னபடி, வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியில் தினமும் இரண்டு இலை பறித்து மெல்லுவார்கள். அன்றைக்கும் மென்று முகம் சுளித்தார்கள்.

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்படிக் கோணுதிய மாமி?"

"நீ மெல்லு பாப்போம்."

நாலு இலையை மென்று காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கடல்காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. ஜவ்வரிசி முத்துமுத்தாகப் பாலில் மிதந்தது. சீனி போட்டு ஒரு சொட்டு ருசி பார்த்தேன். இனிப்பில்லை. இன்னொரு கை போட்டேன். இல்லை. வெறும் சீனியை அள்ளி வாயில் போட்டால் கடற்கரை மணல். கனவில் சாப்பிடுவதுபோல இருந்தது. பல்லில் கடிபடுகிறது, ருசி மட்டும் எங்கோ தூரத்தில் நிற்கிறது.

மாமியைக் கூப்பிட்டேன். ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்கள்.

"ஏளா, சப்புனுல்லா இருக்கு. கடைக்கார அண்ணாச்சி எதையோ கட்டித் தந்துட்டாரு. அள்ளிப் போடு."

டப்பாவையே கவிழ்த்தேன்.

வந்தவர்கள் ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன். "இனிப்பு மட்டுதான். இன்னுங் கொஞ்சம் சீனி போடட்டுமா?"

மாப்பிள்ளையின் தாயார் தம்ளரைக் கீழே வைத்தார். "இதுவே மட்டுன்னா, இந்த வீட்டுப் பிள்ளைக்கு நாங்க எப்படித் தாயி ஈடு கொடுப்போம்?"

கதவுக்குப் பின்னால் பிலோமி விசும்பியது எனக்குக் கேட்டது. தோணியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்க வேண்டும். தன் தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "யம்மா, வருசத்துல பாதி உப்புக்காத்துலதான் கெடக்கேன். கொஞ்சம் இனிப்பும் இருந்துட்டுப் போட்டும்" என்றார். பேச்சு முடிவானது.

அவர்கள் போனபின் சட்டியை வழித்து வாயில் வைத்தேன். இனிப்பு உச்சந்தலை வரை ஏறியது. மாமியும் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

"அந்த இலையைத் தின்னா செத்த நேரம் நாக்குல இனிப்பு தெரியாதுன்னு வைத்தியர் சொன்னாரு. மறந்துட்டேன். மூச்சுக் காட்டாத."

காட்டவில்லை. ஓர் இலையிடம் ஏமாந்தவள் என்பதைவிடச் சீனிப்பைத்தியம் என்ற பேர் மேல்.

இன்றும் வேம்பாருக்குப் போனால், பிலோமி காப்பியோடு சீனி டப்பாவையும் என் முன்னால் வைப்பாள். "மைனி, உங்க அளவுக்கு நீங்களே போட்டுக்கிடுங்க." பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நிற்கும். எனக்கும் இப்போது சர்க்கரை. அரைக் கரண்டிகூட ஆகாது. நான் நிதானமாக நாலு கரண்டி போட்டுக் கலக்கி, ஆறட்டும் என்று வைத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிடுவேன்.