கிட்ட லென்ஸ்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மணப்பெண் ஷிப்னா. அவளுடைய உம்மா ஜெமீலா மாமி. மாப்பிள்ளையின் உம்மா ஸீனத் மாமி. மாப்பிள்ளையின் சகோதரிகள் மூவர். என் கணவரின் தங்கை நஸ்ரின், கையில் வெளிச்சம் திருப்பும் வெள்ளை ரெஜிபோம் அட்டையோடு. கழுத்தில் கமராவோடு நான். எட்டே பேர். (இரண்டு சஹன் சோறும் இருந்தது. அதில் ஒன்றை ஆள் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். கதையில் என்னைவிட அதற்குப் பங்கு அதிகம்.)

இவ்வளவு கறாராக எழுதக் காரணம், இப்போது கற்பிட்டியில் யாரைக் கேட்டாலும் தானும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். ஐஸ் கடைக்காரரின் மனைவி அன்றைக்குக் கட்டாரில் இருந்தவர். அவர்கூடப் போன மாதம் நான் விழுந்த சத்தம் எப்படி இருந்தது என்று எனக்கே செய்து காட்டினார்.

நான் கவலைப்படவே பிறந்தவள். புத்தளம் பஸ்ஸில் ஏறி, பாலாவி வந்ததும் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்து, இறங்கி வேறு பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். (அணைத்துத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தேன்.) பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். வீட்டில் வசதியில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். உள் காரணம் பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாக மொத்தம் சின்னதாகும் என்று டீச்சர் சொன்ன அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் கலியாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்கள் வர முடியாது. என் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் நானா, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பிறகு அலுத்துப்போய் என்னிடம் போட்டுவிட்டுப் போன கமரா ஒன்று வீட்டில் கிடந்தது. அப்படித்தான் நான் படப்பிடிப்பாளர் ஆனேன். கமராவோடு ஒரு லென்ஸும் வந்திருந்தது. அதில் 18-55 என்று எழுதியிருக்கும். அதற்குப் பெயர் கிட்ட லென்ஸ் என்று நானா போனில் சொன்னதாக எனக்கு ஞாபகம். கிட்டே நின்று எடுப்பதற்கான லென்ஸ் போலும் என்று நானும் கிட்டே நின்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்குழியிலிருந்து ஜெமீலா மாமி வந்தது அப்போதுதான்.

அந்த வீட்டுச் சண்டை ஊருக்கே தெரியும். நிச்சயதார்த்தத்தன்று ஸீனத் மாமி இருந்த சஹனுக்கு, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் போய்ச் சேரவில்லை. மறந்துவிட்டார்கள் என்பது பெண் வீடு. மறைத்துவிட்டார்கள் என்பது மாப்பிள்ளை வீடு. அன்றிலிருந்து இரண்டு உம்மாமாரும் ஒரே அறையில் இருந்தாலும் ஷிப்னா வழியாகத்தான் பேசுவார்கள். “உன்ட மாமிட்ட கேளு, தேத்தண்ணி வேணுமாண்டு.” “உன்ட உம்மாட்ட சொல்லு, குடிச்சிட்டுத்தான் வந்தண்டு.”

“ஹமீதா,” என்றார் ஜெமீலா மாமி, “கலியாணத்தண்டு அந்த மனிசியும் நானும் ஒரு சஹன்ல இருக்கிறம். பேசி முடிச்சாச்சு.”

“நல்லம் மாமி.”

“ஆறு பேரும் ஒரே படத்துல வரணும். ஒருத்தர்ட கையும் வெட்டுப்படக் கூடா. அது படமில்ல, சாட்சி. நாளைக்கு அவ இல்லண்டு சொன்னா நான் எடுத்துக் காட்டணும்.”

“சரி மாமி.”

“மத்தப் படமெல்லாம் பழுதானாலும் பரவால்ல. இது பழுதானா ரெண்டு குடும்பமும் பழுது. என்ட புள்ள அங்கதான் போய் வாழணும்.”

முற்பணத்தை மேசையில் வைத்துவிட்டு, என் தூக்கத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. அவரவர் முன்னால் உள்ள சோறு அவரவருக்கு. நடுவில் கோடு எதுவும் கிடையாது, ஆனால் கோடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சஹனில் கை வைத்தவர்கள் அதற்குப் பிறகு சண்டை பிடிப்பது மரியாதையில்லை. அதனால்தான் மாமிக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது.

என் கவலை லென்ஸில் போய் நின்றது. கடல் காற்றில் உப்பேறி அது திரும்பும்போது மண்ணில் சிரட்டை உரசுகிற மாதிரிச் சத்தம் போட்டது. இருட்டறையில் படம் கலங்கும். சீட்டுக் காசு விழுந்திருந்தது. புத்தளம் டவுனில் கமரா சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

“பாவிச்சதுல ரெண்டு இரிக்கி தங்கச்சி,” என்றார் கடைக்காரர். “24-70 ஒண்டு, 24-105 ஒண்டு. அது 2.8, இது 4. இப்ப என்ன வெச்சிரிக்கிறீங்க?”

“கிட்ட லென்ஸ்தான்.”

கடையில் நின்ற இரண்டு பொடியன்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “எட்ட லென்ஸ் ஊட்டுல இரிக்கா?” என்று கேட்டான் ஒருவன்.

“கிட் லென்ஸ் தங்கச்சி,” என்றார் கடைக்காரர், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு. “கமராவோட சும்மா வாரது. அத ஒருத்தரும் கலியாணத்துக்குக் கொண்டுபோறல்ல.” பிறகு கேட்டார்: “உங்கட கமரா புல் பிரேமா, குரொப்பா?”

“ஓம்,” என்றேன்.

இதுவா அதுவா என்று கேட்டால் ஓம் என்பது பதிலில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பிலும் நான் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு முறை கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. நான் யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. 70-ஆ, 105-ஆ? 2.8-ஆ, 4-ஆ? போனில் ஆயிரம் பேர் வீடியோ போட்டிருந்தார்கள். ஒருவர் 105 இல்லாதவன் மனிதனே இல்லை என்றார். அடுத்தவர் 2.8 இல்லாதவன் படமே எடுக்கக் கூடாது என்றார். என் கணவர் ரபீக் போட் எஞ்சின் திருத்துகிறவர். அவரிடம் கேட்டேன்.

“105-ல பாத்தா அங்கால உச்சமுனைத் தீவு தெரியுமா?” என்றார்.

“அங்க என்ன இரிக்கி பாக்க?”

“ஒண்டுமில்ல. தெரியுமாண்டு கேட்டன்.”

நஸ்ரின் ஏ.எல். பரீட்சை வரை படித்தவள். என்னைவிட வாய் நீளம். அண்ணன் மனைவியான என்னை மச்சி என்பாள். “மச்சி, 2.8தான் வெளிச்சம் கூட,” என்றாள்.

“நாலு பெருசில்லையா?”

“அது பின்னம் மச்சி. ஒண்டுக்குக் கீழ போடுற எண்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சுட்டது. இத்தனை வருடம் கழித்து வீடு தேடி வந்திருக்கிறது.

நஸ்ரின் மேசையிலிருந்த பாண் ரொட்டியை எடுத்தாள். “இத நாலு பேருக்கு வெட்டினா பெரிய துண்டா, ரெண்டே முக்கால் பேருக்கு வெட்டினா பெரிய துண்டா?”

“ரெண்டே முக்கால் பேருக்கு.”

“அவ்வளவுதான்.”

“அந்த முக்கால் ஆள் யாரு?”

“நீங்கதான் மச்சி.”

24-70 வாங்கினோம். கையில் எடுத்தால் இறால் நிரப்பிய தகரச் சுண்டு மாதிரிப் பாரம். கிட்ட லென்ஸைக் கழற்றி, ஈரம் பிடிக்காதிருக்க அரிசி வாளிக்குள் புதைத்தேன். கலியாணத்தன்று காலை நஸ்ரின், “பழசையும் பையில போடுவமா?” என்றாள். அந்தப் பொடியன்மாரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. “ஒருத்தரும் கலியாணத்துக்குக் கொண்டுபோறல்ல,” என்றேன், கடைக்காரரின் குரலில்.

கவனியுங்கள். இரண்டு லென்ஸிலும் முதல் எண் 24. அந்த எண்தான் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று சொல்வது; எண் சின்னதானால் அகலம் கூடும், பழசில் அது 18. இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால் அதைப் பற்றி நான் ஒரு நிமிடமும் கவலைப்படவில்லை. என் வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் விட்ட ஒரே விஷயம் அது.

ஆண்கள் பள்ளிவாசலில் நிக்காஹ்வுக்குப் போயிருந்தார்கள். மணப்பெண் அறையில் நான் ராணி மாதிரி வேலை செய்தேன். ஜன்னல் திரை போட்ட அரை இருட்டிலும் ஷிப்னாவின் இமை மயிரை எண்ணலாம் போலப் படம் விழுந்தது. நஸ்ரின் ரெஜிபோம் அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் சகோதரிகள் எட்டிப் பார்த்து, “எங்கட மகள்மாருக்கும் உங்களத்தான் கூப்புடணும்,” என்றார்கள். நான் தலையை ஒருமாதிரி ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையைத் தட்ட வேண்டும் போல இருக்கிறது.

பிறகு சஹன் வந்தது. நெய்ச்சோறு, பொரித்த கோழி, அன்னாசி அச்சாறு. ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். ஸீனத் மாமி தன் மருமகளின் இடப்பக்கம், ஜெமீலா மாமி வலப்பக்கம். இரண்டு உம்மாமாரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடு புள்ள,” என்றார் ஜெமீலா மாமி பல்லைக் கடித்தபடி. “சோறு ஆறப்போகுது.” சோறு இல்லை, சமாதானம் ஆறப்போகுது என்பது எனக்கு விளங்கியது.

கமராவைக் கண்ணில் வைத்தேன். மூன்று பேர் தெரிந்தார்கள்.

லென்ஸை 24-க்குத் திருப்பினேன். அதற்குமேல் திரும்பவில்லை. ஐந்தரைப் பேர் தெரிந்தார்கள். ஸீனத் மாமியின் பாதி இல்லை. இருக்கிற ஆறு பேரில் வெட்டுப்படவே கூடாத ஆள்.

ஒரு அடி பின்னால் போனேன். அவருடைய மூக்கு வந்தது. இன்னொரு அடி. முகம் வந்தது, கை வரவில்லை. ஒரு பக்கம் அலுமாரி, மறு பக்கம் கட்டில், பின்னால் மட்டும்தான் வழி.

“மச்சி,” என்றாள் நஸ்ரின் கதவோரத்திலிருந்து.

“பொறு.”

“மச்சி, பின்னால.”

“பொறுடி, கை வருது.”

கை வந்தது. ஆறு பேர், பன்னிரண்டு கை, ஒரு சஹன், எல்லாம் சட்டத்துக்குள். மாஷா அல்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். குதிகாலில் ஏதோ தடுக்கியது. எனக்குப் பின்னால் ஒரு சஹன், பூவேலைத் துணி போட்டு மூடி, எங்களுக்கென்று வைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன்.

சூடாக இருந்தது. அதற்குமேல் அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் லென்ஸை விடவில்லை. துஆ கேட்பவள்போல் இரண்டு கையும் மேலே, கைகளில் கமரா. (விழும்போது விரல் அழுத்தியிருக்கிறது. சீலிங் ஃபேன் படம் ஒன்று இருக்கிறது. இறக்கையில் உள்ள தூசு ஒவ்வொன்றும் துல்லியம். 2.8-இன் அருமை அதில்தான் தெரியும்.)

ஜெமீலா மாமி என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள,” என்றார் மெதுவாக, “வட்டிலப்பம் இரிந்திச்சி. இவவுக்கெண்டு வேறயா அவிச்சி வெச்ச.”

நிச்சயதார்த்தத்தில் தவறியதற்கு ஈடாக, யாரிடமும் சொல்லாமல், ஸீனத் மாமிக்குத் தனிக் கிண்ணத்தில் அவித்து, கடைசியில் தன் கையால் எடுத்துக் கொடுக்கலாம் என்று அந்தத் துணிக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். நான் எழும்பவில்லை. எழும்பினால் கிண்ணம் தெரியும். இரண்டு குடும்பங்களின் சமாதானம் எனக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும்போது எப்படி எழும்புவது?

ஸீனத் மாமி வாயிலிருந்த சோற்றை நிதானமாக விழுங்கினார். பிறகு, ஷிப்னா வழியாக இல்லாமல், நேரே ஜெமீலா மாமியைப் பார்த்துச் சொன்னார்:

“இந்த ஊட்டு வட்டிலப்பம் சாப்புட எனக்குக் குடுத்துவெக்கல்ல. நஸீப் இல்ல போல.”

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் தகராறு. ஜெமீலா மாமி நடுவில் இருந்த மகளைத் தாண்டி ஸீனத் மாமியின் தோளில் சாய்ந்துவிட்டார். ஸீனத் மாமி கண்ணைத் துடைக்க வேறு துணி கிடைக்காமல் ஜெமீலா மாமியின் முந்தானையை இழுத்தார். மணப்பெண்ணின் கண் மை கன்னத்துக்கு வந்தது.

நஸ்ரின் ரெஜிபோம் அட்டையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணாடி உடைந்த தன் போனைத் தூக்கி, நின்ற இடத்திலேயே ஒன்று எடுத்தாள். ஆறு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு கையும் வந்தது. ஓரத்தில், கையைத் தூக்கியபடி, சஹனில் நானும் வந்தேன்.

ஜெமீலா மாமி அதைத்தான் சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டியிருக்கிறார். நான் எடுத்த நானூறு படத்தில் ஒன்றுகூடச் சுவரேறவில்லை.

பிறகு கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கப் பார்த்தேன். அவர் என் கமராவைப் புரட்டிப் பார்த்தார்.

“இது குரொப் தங்கச்சி. உள்ள படம் விழுற தகடு சின்னன். 24 போட்டா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, கிட்ட நிண்டு எடுக்க ஏலாது. நான் கேட்டனே, நீங்க ஓம்ண்டீங்களே.”

“அப்ப 105 வாங்கியிருந்தா?”

“அதுவும் 24-லதானே தொடங்குது. அந்தச் சின்ன அறைக்கு உங்கட்ட இருந்த அந்த...” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தக் கிட்ட லென்ஸ்தான் சரி.”

அன்று வீட்டுக்கு வந்து அரிசி வாளியில் கைவிட்டு அதை எடுத்துத் துடைத்தேன். இப்போது இரண்டும் பையில் இருக்கும். எங்கள் வீட்டில் யாராவது கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால் ரபீக் சொல்வார்: “கிட்ட லென்ஸப் போட்டுத் தேடு.”

காசுக் கதை மட்டும் முடியவில்லை. எனக்கு வர வேண்டிய மிச்சம் ஐயாயிரம். “ஒரு சஹன் ஆறாயிரம் புள்ள,” என்கிறார் ஜெமீலா மாமி, எங்கே கண்டாலும், சிரித்துக்கொண்டே. “பாத்தா நீதான் எனக்கு ஆயிரம் தரணும்.” பக்கத்தில் ஸீனத் மாமி இருந்தால் அவரும் சேர்ந்து தலையாட்டுகிறார். இப்போது இருவரும் ஒரே கட்சி, நான் எதிர்க்கட்சி.

நானும் விடுவதாயில்லை. சஹன் ஆறு பேருக்கு. நான் இருந்தது இரண்டு பேரின் பங்கில்தான். மற்ற நான்கு பங்கையும் நஸ்ரினும் மாமிமாரும் சாப்பிட்டதற்குச் சாட்சி உண்டு. கீழே ஆறு, மேலே இரண்டு, நடுவில் ஒரு கோடு. ஆறாயிரத்தில் ஆறில் இரண்டு, இரண்டாயிரம். வட்டிலப்பத்துக்கு, அது யாருக்கும் நஸீப் இல்லாதது என்றாலும், எண்ணூறு போட்டுக்கொள்ளட்டும். ஒருவரிடமும் கேட்காமல், பாணும் வெட்டாமல், நானே போட்ட கணக்கு இது. ஜெமீலா மாமி இன்னும் எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.