பிரேக் மாஸ்டருக்கு வந்த நடுக்கம்

"லெஃப்ட்டும்மா, லெஃப்ட்! கை எந்தப் பக்கம் போகுது உங்களுக்கு?"

கார் வலது பக்கம் போய் ஒரு குப்பைத் தொட்டியை நலம் விசாரித்துவிட்டு நின்றது. மாஸ்டர் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்ததால் விஷயம் விசாரிப்போடு போயிற்று. டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்றே பெயர். கற்றுக்கொள்கிறவர்கள் தாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுவது மாஸ்டரின் கால்.

அந்தக் கால் இப்போது வெடவெடவென்று நடுங்கியது. நெற்றியில் வேர்வை.

'போச்சுடா! சுகர் இறங்குது!'

சர்க்கரை ஏறுவதைப் பற்றி மாஸ்டருக்குக் கவலையே கிடையாது. ஏறினால் மெதுவாகத்தான் கொல்லும், அதற்குள் எத்தனையோ வேலையை முடித்துவிடலாம். இறங்கினால்தான் ஆபத்து. போன மாதம் ஒருநாள் ஆபீசில் தலை சுற்றி, நின்றுகொண்டிருந்த முதலாளியின் மேலேயே சாய்ந்துவிட்டார். முதலாளி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காருக்குள்ள ஏற விடமாட்டேன். கவுண்டர்ல உக்காந்து போன் எடுங்க."

காலுக்குக் கீழே பிரேக் இல்லாமல் ஒரு பிழைப்பா! அதற்குப் பேசாமல் செத்துப்போகலாம் என்று இருந்தது மாஸ்டருக்கு. போதாக்குறைக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது முதலாளியின் மச்சினி. இங்கே மாஸ்டர் தும்மினால் அங்கே முதலாளிக்குக் கேட்கும்.

நைசாகச் சட்டைப் பையைத் துழாவினார். மிட்டாயைக் காணோம். பேன்ட் பையிலும் இல்லை. "முன்னூறு தாண்டியிருக்கு, இன்னும் மிட்டாய் கேக்குதா?" என்று காலையில் மனைவி எல்லாப் பைகளையும் கவிழ்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அந்தக் கடை ஓரமா நிறுத்துங்க. பார்க்கிங் பழகலாம்."

ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறி நின்றது. மாஸ்டர் அதைப் பார்க்காத மாதிரி இறங்கி ஓடி, மூன்று ஜூஸ் டப்பாவும் கை நிறைய மிட்டாயுமாகத் திரும்பினார். மரியாதைக்கு ஒன்றை நீட்டினார்.

"வேண்டாம் மாஸ்டர். ஓட்டும்போது வாயில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே முதல் நாளே கத்துனீங்க?"

"ஆமாமா, ரூல்னா ரூல்தான்" என்று சொல்லி, மூன்று மிட்டாயைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

நடுக்கம் குறைந்ததா? எங்கே குறைய விட்டாள்! பச்சை விளக்குக்கு நின்றாள், சிவப்புக்குக் கிளம்பினாள். "க்ளட்ச்சை மிதிங்க" என்றால் வைப்பரைப் போட்டாள். ஒரு சைக்கிள்காரர் இவர்கள் இருவருடைய பரம்பரையையும் சுருக்கமாக விமர்சித்துவிட்டுப் போனார். மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

'இன்னும் இறங்குதே!' ஒரு ஜூஸ் காலியானது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

கொஞ்ச நேரத்தில் அடுத்த தொல்லை வந்தது. மாஸ்டர் கால்களை இறுக்கிக்கொண்டு நெளிந்தார்.

"இப்ப ரிவர்ஸ் எடுக்கப் பழகலாம்மா."

"எதுவரைக்கும்?"

"பின்னால ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி வந்தோமே. அங்க கழிப்பறைன்னு போர்டு தெரியும். அதுவரைக்கும்."

போய்விட்டு வந்தபோது நாக்கு வறண்டு ஒட்டியது. கண்ணும் மங்கியது. பார்வை போகிறதோ? ஜாடையாக விசாரித்துப் பார்த்தார்.

"எதிர்ல வர்ற பஸ்ஸு எத்தனை, சொல்லுங்க பார்ப்போம்?"

மச்சினி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ரெண்டு."

"அப்பாடா! எனக்கும் ரெண்டுதான்."

ஒரே ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசாத குறையாகப் போயிற்று. மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் விசும்பி விசும்பி அழுதாள். மாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டு அழாமல் போனவர் யார்?

ஆனால் இதற்கு மேல் தாங்காது. செத்தாலும் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொண்டு சாக வேண்டும்.

"அந்த மருந்துக் கடை முன்னால நிறுத்துங்க. நான் போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

"நானும் வர்றேன். வண்டிக்குள்ள மூச்சு முட்டுது."

தொலைந்தது! கூடவே வந்து நின்றால் எல்லாம் அம்பலமாகிவிடுமே. மாஸ்டருக்கு வாழ்நாளில் இவ்வளவு வேகமாகப் பொய் வந்ததில்லை.

"அது வந்து... ஸ்கூல்ல புது ரூல்மா. கத்துக்குடுக்கறவர், கத்துக்கறவர் ரெண்டு பேருக்கும் விரல்ல ஒரு குத்து. சும்மா, ஒரு சடங்குக்கு."

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கவுண்டரில் சாய்ந்தபடி விரலை நீட்டினாள். மருந்துக் கடைப் பெண் இரண்டு பேருக்கும் குத்தி, இரண்டு சுகர் மீட்டர்களை எதிரில் வைத்தாள். மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது ஜூஸில் ஸ்ட்ராவைச் சொருகி உறிஞ்சிக்கொண்டே கடைப் பெண்ணின் காதருகே குனிந்தார்.

"தாயே, எனக்கு எவ்வளவு இறங்கியிருந்தாலும் வாயைத் திறந்துடாத. இந்தம்மா காதுல விழுந்தா என் வேலை காலி."

அந்தப் பெண் இரண்டு மீட்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டி மாஸ்டரின் கையிலிருந்த ஜூஸைப் பிடுங்கினாள்.

"உங்களுக்கு முன்னூத்தித் தொண்ணூறு சார்... அம்மா, நீங்க முதல்ல இதைக் குடிங்க, உங்களுக்குத்தான் அம்பத்திரெண்டு!"