சேற்றில் நின்ற வெற்றிவேந்தன்

சேறும் செங்கோலும் குறையாத ஒரு நாட்டில், எது அதிகம் விற்கிறதோ அதுவே சிறந்தது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டப்படி நாட்டின் தலைசிறந்த டிராக்டர் ‘வெற்றிவேந்தன்’. பார்க்க யானை மாதிரி இருக்கும். வயலில் இறங்கினாலும் யானை மாதிரிதான்; இறங்கிய இடத்திலேயே புதைந்துவிடும்.

புதைந்ததை இழுக்க அதே கனத்தில் இன்னொன்று வேண்டும். ஆகவே ஜனங்கள் இரண்டாவது வெற்றிவேந்தன் வாங்கினார்கள். அதுவும் புதைந்தால் மூன்றாவது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. வயல் நடுவே வண்டியைப் புதைத்து வைத்துக்கொண்டு யார் நடவு செய்வது?

“ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் வருகிறார். தரத்திற்கு வேறு சான்று எதற்கு, அரசே?” என்றார் விற்பனை மந்திரி. அரசர் மகிழ்ந்தார்.

செங்கமலம் என்ற விவசாயியிடம் இருந்தது ‘கரிச்சான்’. இலேசான பழைய வண்டி. சேற்றில் வாத்து போலப் போகும். கெட்டுப்போகாததால் யாரும் அதை மறுபடி வாங்கவில்லை. யாரும் வாங்காததால் அது மட்டம் என்று மந்திரி கண்டுபிடித்தார். மட்டமான வண்டிகளைப் பறிமுதல் செய்ய ஆணை பிறந்தது.

அதிகாரி அனந்தப்பன் வந்தபோது அவள் பாதி வயல்தான் உழுதிருந்தாள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கரிச்சானை இழுத்துப்போக அவர் கொண்டுவந்த வெற்றிவேந்தன், வரப்பைத் தாண்டியதும் அச்சு வரை இறங்கியது.

“ஏம்மா, உன் வண்டிய வச்சுக் கொஞ்சம் இழுத்து விடேன்.”

“மட்டமான வண்டிய வச்சா?”

“சட்டம் வேற, சேறு வேறம்மா.”

“மீதி வயல உழுதுட்டுத்தான் இழுப்பேன். நாத்து உங்க ஆணைக்கெல்லாம் காத்திருக்காது.”

அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

உழுது முடித்த கரிச்சான் முன்னே இழுக்க, வெற்றிவேந்தன் சங்கிலியில் பின்னே வந்தது. இரண்டும் ஊருக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கி முழங்கியது: “மட்டமான வண்டியை வெற்றிவேந்தன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது!” சங்கிலி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் கைதட்டினார்கள். தட்டாதவர்களைக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரிச்சானை உருக்கிவிட்டார்கள். அடுத்த நடவுக்குச் செங்கமலம் மாடுகளை விற்று ஒரு வெற்றிவேந்தன் வாங்கினாள். எதிர்த்தவர்களும் வாங்குகிறார்கள் என்று மந்திரி அறிக்கை விட்டார். முதல் நாளே அது புதைந்தது. நாற்று நாற்றங்காலிலேயே பழுத்துப் போனது.

அப்போது தேர்தல் வந்தது. சென்றமுறை குறைந்த வாக்கு வாங்கியவர்கள் தரமற்றவர்கள் என்பதால் சீட்டில் அரசர் பெயர் மட்டும் இருந்தது. சாவடியில் விரலுக்கு மை வைக்க உட்கார்ந்திருந்தவர் அனந்தப்பன்.

“போன தடவையும் மகாராசாவுக்குத்தானேம்மா போட்ட?”

“ஆமா.” அவள் காலில் சேறு இன்னும் காயவில்லை. “அப்ப எறக்கிவிட்ட எடத்துலயேதான் இன்னமும் கெடக்கோம்.”

அனந்தப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பிடித்தார்.

“அப்ப, இழுத்து விட இன்னொரு தடவ அவரு வேணுமேம்மா.”