டின்டு இனி ஊளையிட மாட்டான்

சக்குபள்ளம்
4 ஏப்ரல் 2026, சனி, காலை 6.40. இதுவரை மணி அடித்தது 412 முறை. ஊளை பூஜ்யம்.

அன்புள்ள செபாஸ்டின் மாமாவுக்கு ரிஜின் எழுதுவது. இங்கே அம்மா, நான், டின்டு மூவரும் சுகம். குமுளியில் அத்தையும் ஏலக்காய் விலையும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால் இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை ஈஸ்டர் பூசை முடிந்ததும் டின்டுவைக் கொண்டுபோய்க் கம்பம் ஊரில் விட்டுவர ஜீப் அனுப்ப வேண்டாம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கும் சின்ன மணிக்கு நாய் வாசலில் நின்று ஊளையிடுவது மரியாதைக் குறைவு என்று கோயில் கமிட்டியில் பேசினீர்களாம். தவறு. அது டோபமைன், மூளையில் ஆசையைத் தூண்டும் ரசாயனம். மணி அடித்தால் சீக்கிரம் பூசை முடியும், எதிரே உள்ள பினு கடையில் அம்மா மாட்டுக்கறி வாங்குவாள், பினு ஓர் எலும்பு வீசுவான். முதலில் எலும்பு கிடைத்தபோது மூளையில் சுரந்தது, பழகிய பிறகு மணிச் சத்தத்துக்கே சுரக்கிறது. பெங்களூர் ஆய்வகத்தில் எலிகளிடம் இதைத்தான் தினமும் அளக்கிறோம். எந்த எலியையும் யாரும் ஊரைவிட்டு அனுப்பியதில்லை.

வைத்தியமும் எளிது. மணி அடிக்க வேண்டும், எலும்பு கொடுக்கக் கூடாது. ஏமாந்து ஏமாந்து மூளை மணியை நம்புவதை விட்டுவிடும். லீவு போட்டு வந்து ஆறு வாரமாக வீட்டில் அடிக்கிறேன். முதல் நாள் ஐஸ் வண்டி என்று எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து, ஐஸ் இல்லை என்றதும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். நேற்று பெரிய வெள்ளி, கோயிலிலேயே மணி அடிக்காத நாள், நான் அடித்தேன். கோயில் உபதேசியார் பாண்டித்துரை வேலியோரம் நின்று, "ஏலே, ஆண்டவரே இன்னைக்குச் சும்மா இருக்காரு, ஒனக்கு என்னலே அவசரம்?" என்றார். தவக்காலப் பயறை மட்டும் தின்றுகொண்டு இவ்வளவும் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். போன நாலு ஞாயிறும் பூசையில் டின்டு மூச்சு விடவில்லை.

அப்பா போன பிறகு சாயங்காலம் அம்மா பேசுவது அவனிடம்தான். நான் போனில் ஊம் கொட்டிவிட்டு வைத்துவிடுவேன், அவன் முழுசாகக் கேட்பான்.

உங்கள் முழங்காலுக்கும் அத்தையின் பிரஷருக்கும் ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
ரிஜின்

பி.கு.: இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கிறுக்குப் பயலே, தவசுல பினு கடையே தொறக்கலையே, எலும்பு ஏது? நீ மணி அடிக்காட்டியும் அவன் சும்மாதான் இருந்திருப்பான்" என்றாள். கடை மூடியிருந்தது எனக்கும் தெரியும், சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது ஈஸ்டர் கறிக்காகப் பினு கடையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்கிறது. டின்டு வாலாட்டுகிறான். ஆகவே நாளை:

1. பூசைக்கு முன்பே எலும்பு வாங்கி அவன் வயிறு முட்டத் தின்ன வைப்பேன்.
2. உள்ளே வராமல் வாசலில் அவனைக் கட்டிப்பிடித்து உட்காருவேன்.
3. அப்படியும் ஊளை கேட்டால், நானும் சேர்ந்து ஊளையிடுவேன். முதலில் ஆரம்பித்தது யார் என்று கமிட்டி விசாரிக்கட்டும்.