சந்தேகத்தாரும் அமெரிக்கத் துவாயும்

மழையைக்கூட உடனே நம்பாத மனிதர் ஒருவர் ஜெர்மனியின் வுப்பர்டாலில் இருந்தார். முகத்தில் துளி விழுந்தால், மேல்மாடி ஜெர்மன்காரி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளா என்று அண்ணாந்து பார்ப்பார். முழுக்க நனைந்த பிறகுதான் குடை விரியும். வருடம் முழுக்க வானம் கசியும் ஊரில் தீராத தும்மலோடு வாழ்ந்தார். ஊருக்கு அவர் சந்தேகத்தார். அவருடைய கீழ்வீட்டில் நான்.

ஒருமுறை கண் வைத்தியரிடம் மறுநாளே வரும்படி டெர்மின் கிடைத்தது. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிற நாடு இது.

"இவ்வளவு கெதியாய் டெர்மின் தாறான் எண்டால் அவனிட்டை ஆக்கள் போறேல்லை, தங்கச்சி. ஏன் போறேல்லை?"

அவரும் போகவில்லை. பழைய கண்ணாடியோடு தொங்கு ரயிலில் ஏறி, இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, நிறுத்தத்தை யாரோ மாற்றிவிட்டதாகச் சந்தேகப்பட்டார்.

ஆனால் அவருடைய சந்தேகங்களில் பெரியது அமெரிக்கா. அவருடைய அக்கா புளோரிடாவில் இருந்தா. அத்தானுக்குப் புது வீடுகளில் குசினி அலுமாரி பொருத்துகிற வேலை. அந்த வருடங்களில் அங்கே சதுப்பு நிலமெல்லாம் வீடாகிக்கொண்டிருந்தது. ஓட்டின் மேல் ஓடு, நீச்சல் குளத்துக்கு அருகே நீச்சல் குளம். கட்டுகிறவர்கள் கட்ட, வங்கிகள் அள்ளிக் கொடுக்க, அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. அக்காவின் வீட்டில் மூன்று குளியலறைகள்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு காணும். மூண்டாவதிலை ஆர்?" என்றார் சந்தேகத்தார். அக்கா யாரையோ ஒளித்து வைத்திருப்பதாக வெகுகாலம் நம்பினார்.

"எங்கடை வீட்டு விலை ஏறிப்போச்சடா" என்று அக்கா சொன்னால், "வீடு நிண்ட இடத்திலை நிக்குது. விலை மட்டும் எங்கை ஏறிப் போகுது?" என்பார். இதைத் தீர்க்கதரிசனம் என்று யாரும் எண்ண வேண்டாம். தக்காளியைப் பற்றியும் இதே தொனியில்தான் பேசுவார்.

கோடைதோறும் அங்கிருந்து வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில் அக்காவின் பார்சல் வரும். வாளியளவு விட்டமின் போத்தல், பாதாம் பருப்பு, கட்டாயம் ஒரு குளியல் துவாய். அந்தத் துவாய் செம்மறியாட்டின் தடிப்பு. வுப்பர்டால் ஈரத்தில் ஒருமுறை நனைந்தால் அடுத்த பருவம்வரை காயாது.

"இவ்வளவு தடிப்பாய் ஏன் செய்யிறான்? எதையோ பெரிசாய்த் துடைக்கப் போறான்" என்பார். உணவகக் குசினியில் கோப்பை கழுவும்போது போடுகிற ரப்பர் கையுறையோடுதான் பார்சலைப் பிரிப்பார். மனைவி பவளமக்காவும் நானும் சாட்சிகள்.

அந்த அக்கா பெரிய மானக்காரி. அத்தானுக்கு உண்மையில் அது சொந்தத் தொழில்தானா என்று ஒருமுறை இவர் கேட்டுவிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் தொலைபேசி ஊமையாய்க் கிடந்தது. இவர் கூடப்பிறந்தவர்களில் உயிரோடு மிஞ்சியது அக்கா ஒருத்திதான். அந்த மௌனத்தில் மனிதர் பாதியாய் இளைத்துவிட்டார். பவளமக்கா கோயிலுக்கு நேர்த்தி வைத்துத்தான் பேச்சு மீண்டது.

பிறகு, அமெரிக்காவில் வங்கிகள் சரிகின்றன என்று செய்தி வந்தது. கட்டிய வீடுகளுக்கு ஆளில்லை. கட்டி முடியாத வீடுகள் கம்பிகளோடு நின்றுவிட்டன.

"எங்களுக்கு ஒண்டுமில்லையடா" என்றா அக்கா. முன்பெல்லாம் கடைக்குப் போகும் அவசரத்தில் பாதியில் துண்டிப்பவ, இப்போது என்ன கறி, என்ன சொதி என்று மணிக்கணக்காகக் கேட்டா.

அந்தக் கோடையிலும் பார்சல் வந்தது. விட்டமின் இல்லை. கொஞ்சம் பாதாம், புது ரிப்பன் கட்டிய துவாய். சந்தேகத்தார் மணந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார். யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். நடுவில் நூல் தேய்ந்து, எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது.

"இது கடைத் துவாய் இல்லை. அக்கா பாவிச்சது."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றா பவளமக்கா. குரலில் பலமில்லை.

வாழ்நாள் முழுக்கப் பிழையாகவே சந்தேகப்பட்ட மனிதர். அன்றைக்கும் பிழையாக இருந்திருக்கக் கூடாதா?

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அக்காதான்.

"பார்சல் வந்ததோ? துவாய் எப்பிடி? புதுசா வந்த ரகம்."

பவளமக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. இவர் வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான் வரும். பிறகு அக்கா இல்லை.

"ஓம் அக்கா" என்றார் சந்தேகத்தார். "அருமையான துவாய். கடை மணம் இன்னும் போகேல்லை."

அக்கா அடுத்ததைக் கேட்கவிடாமல் இவர் தொடர்ந்தார்.

"அக்கா, எனக்கு நாரி ஏலாது. முதுகை வளைச்சுக் குனியக்கூட முடியேல்லை. இவளும் விடிய வேலைக்குப் போறாள், சமைக்க ஆளில்லை. நீங்களும் அத்தானும் வந்து கொஞ்ச நாள் நிண்டியள் எண்டால் பெரிய உதவி."

ஒருநாளும் வேலைக்குப் போகாத பவளமக்கா, அடுப்பில் கொதிக்கிற கறியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"உண்மையாத்தான் சொல்லுறியோ?" அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "எனக்கு உன்னிலை சந்தேகமாக் கிடக்கு."

"என்னக்கா, சொந்தத் தம்பியை நம்பமாட்டியளோ?"

அவர்கள் இலையுதிர் காலத்தில் வந்தார்கள். அங்கே வீடு என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பவளமக்கா காலையில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்தா. அக்கா சமைத்தா. அதிகாரமாய் உப்புப் போட்டா. தம்பியின் முதுகுக்கு எண்ணெய் தடவினா. அவவின் முகத்தில் பழைய நிறம் மெல்லத் திரும்பியது.

சந்தேகத்தாரோ நாரியைப் பிடித்தபடி, ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். ஒருநாள் வீட்டிலிருந்து வெகுதூரத்தில், ஆற்றுப் பாலத்தில் அவரைக் கண்டேன். அங்கேயும் அதே சாய்வு.

"இஞ்சை ஆரண்ணை பாக்கினம்? நிமிர்ந்து நடவுங்கோ."

"சொல்ல ஏலாது, தங்கச்சி. அக்கா பின்னாலை வந்தாலும் வருவா."

திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் யாரும் இல்லை. அவருக்காக நானும் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.