விருந்தாளிக்குப் பசிக்கிறதாம்

வெள்ளைக்காரர் இரண்டாவது தட்டையும் முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வார்சித்தோவின் போன் அடித்தது.

"பாக் வார்சித்தோ, விருந்தாளிக்குப் பசி உயிர் போகுதாம். அந்த மனுசன் வாயில போட ஏதாச்சும் வாங்கிக் குடுத்தீங்களா, இல்லையா?"

பேசியது இபு சுலாஸ்த்ரி; அந்த ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா, ‘இபு’ என்றால் அம்மா. ஜோக்ஜகார்த்தாவில் சின்னதாக ஒரு சுற்றுலா ஏஜென்சி நடத்துகிறவர். அவர் அனுப்பும் விருந்தாளிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவதுதான் வார்சித்தோவின் பிழைப்பு.

"இபு, இப்பத்தான் ரெண்டு தட்டு குதெக் சாப்பிட்டார். பலாக்காய், முட்டை, கோழித்தொடை, எல்லாம் உள்ள போயாச்சு."

"அப்போ எனக்கு எதுக்கு மெசேஜ் போடறார்? ‘ரொம்பப் பசி, என்னைக் கவனிக்க ஆளே இல்லை’னு வந்திருக்கு. நான் என்ன எழுதப் படிக்கத் தெரியாதவளா? போன தடவையே உங்க மேல புகார். என் தங்கச்சி மகன் புது வண்டி வாங்கிட்டு வாசல்ல நிக்கிறான், ஞாபகம் வச்சுக்கோங்க."

போன் வைக்கப்பட்டது. மழைக்காலம் முழுக்க ஒரு சவாரிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் வார்சித்தோ.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. ஸ்டேஷன் வாசலில் போய் நின்றான். உயரமான ஆள், நரைத்த தாடி என்று இபு அடையாளம் சொல்லியிருந்தார். உயரமாக, நரைத்த தாடியோடு ஒருவர் வெளியே வந்தார். "வாங்க மிஸ்டர், உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்கேன்" என்று கார்க் கதவைத் திறந்தான்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் அவர், உள்ளூர் மொழியிலேயே.

வார்சித்தோவுக்கு ஒரே மகிழ்ச்சி. புத்தகம் பார்த்து நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறார், நல்ல மனுசன். "ஒரு சிரமமும் இல்ல, ஏறுங்க!" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பெட்டி ஒன்றும் இல்லை. நேரே ஓட்டலுக்கு அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். ‘ஆள் ஏறியாச்சு’ என்று இபுவுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது கையைத் துடைத்தபடி சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தார். அந்த முகத்தையும் இபு படித்த மெசேஜையும் வார்சித்தோவால் ஒட்ட வைக்க முடியவில்லை.

"மிஸ்டர், இன்னும் ஒரு தட்டு?"

"அப்புறம் பார்த்துக்கலாமே."

வார்சித்தோ யோசித்தான். வெள்ளைக்காரர்கள் நம்மைப் போலச் சொல்ல வந்ததை மென்று விழுங்குகிறவர்கள் இல்லை. வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக, வேண்டும்.

"அக்கா, மிஸ்டருக்கு இன்னொரு தட்டு! கோழி பெருசா வைங்க!"

மூன்றாவது தட்டு வந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வலது கையால் பிசைந்து, மெதுவாக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்.

பிரம்பனான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த விருந்தாளியை அசத்திவிட வேண்டும் என்ற வேகத்தில் வார்சித்தோ அவரைச் சிவன் கோயில் படிகள் அத்தனையிலும் ஏற்றினான். சுவரில் செதுக்கிய ராமாயணக் கதை முழுவதையும் கையை ஆட்டி ஆட்டி, சத்தமாக, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னான்.

"குரங்கு! பாலம்! கல்லு! புரியுதா மிஸ்டர்?"

"புரியுது, புரியுது" என்றார் அவர், வயிற்றைப் பிடித்தபடி. கீழே இறங்கியதும் மறுபடி கழிப்பறைக்குப் போனார்.

போன் அடித்தது.

"வெயில்ல வேகறாராம்! நின்னு நின்னு காலு மரத்துப் போச்சாம்! என்னதான் பண்றீங்க அந்த மனுசனை?"

வார்சித்தோவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. உள்ளே போனால் போதும், உட்கார்ந்து புகார் எழுத ஆரம்பித்துவிடுகிறார்! வெளியே வந்தால் தேன் ஒழுகும் சிரிப்பு!

"நான் கவனிச்சுக்கறேன் இபு."

"நானும் ‘கொஞ்சம் பொறுங்க, டிரைவர்கிட்டச் சொல்லிட்டேன்’னு ஒவ்வொரு தடவையும் பதில் போட்டுக்கிட்டே இருக்கேன். என் மானத்தை வாங்காதீங்க."

ஓடிப்போய், மூங்கிலில் பின்னிய அகலத் தொப்பி ஒன்றை வாங்கி அவர் தலையில் கவிழ்த்தான். கார் நிறுத்துமிடத்தில் கால் பிடித்துவிடுகிற ஒருவரை அழைத்து வந்து உட்கார வைத்தான்.

"பரவாயில்லீங்க, எதுக்கு இதெல்லாம்?" என்று எழுந்திருக்கப் பார்த்தார் வெள்ளைக்காரர்.

"இருக்கட்டும் மிஸ்டர், கூச்சப்படாதீங்க. பெரியவரே, நல்லா அழுத்திப் பிடிங்க. காலு மரத்துப் போச்சாம்."

பெரியவர் அழுத்திப் பிடித்தார். வெள்ளைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நொண்டியபடி கழிப்பறைப் பக்கம் போனார். இந்தத் தடவை வார்சித்தோவும் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே காது வைத்து நின்றான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆனால் போன் அடித்துவிட்டது.

"பேசறதுக்கு ஒரு நாதி இல்லையாம்! அநாதை மாதிரி விட்டுட்டீங்களாம்!"

வார்சித்தோவுக்கு மனசு விட்டுப்போயிற்று. தண்ணீர் ஊற்றிக்கொண்டே எழுதுகிறார்! இப்படி ஒரு கைகாரரை அவன் பார்த்ததே இல்லை.

சோலோ நகருக்குப் போகிற வழி முழுக்க வாயை மூடாமல் பேசினான். மிளகாய் விற்கிற விலை, பெண்டாட்டியின் தம்பி ஆடு வளர்த்து நஷ்டப்பட்ட கதை, அந்த ஆடுகளில் ஒன்று ஊர்த் தலைவர் கல்யாணப் பந்தலில் புகுந்து மாலையைத் தின்ற கதை. வெள்ளைக்காரர் "அடடா" என்றார், "அப்புறம்?" என்றார், ஆடு மாலையைத் தின்ற இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

‘நடிப்பைப் பாரேன்’ என்று நினைத்துக்கொண்டான் வார்சித்தோ.

சோலோவில் தேங்காய்ப்பால் சோறு. "அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார். வந்தது. பிறகு சுடச்சுட அரிசிமாவு ஆப்பம். "நீங்க சாப்பிடுங்க, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அதுவும் வந்தது. கடைசி ஆப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தபோது வார்சித்தோவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்டர், மனசுல எதையும் வச்சுக்காதீங்க. குறை ஏதாச்சும் இருந்தா நேரா என்கிட்டயே சொல்லுங்க."

"குறையா? அய்யய்யோ, ஒண்ணுமே இல்ல. ராஜா மாதிரி கவனிக்கிறீங்க." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல... தேடுவாங்களேன்னு பார்த்தேன்."

வார்சித்தோவின் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. இதுதானா விஷயம்! கடல் தாண்டி வந்த மனுசனுக்கு வீட்டு ஏக்கம். அதுதான் வாய்க்கு வந்த புகாரையெல்லாம் எழுதச் சொல்கிறது.

"புரியுது மிஸ்டர். எல்லாம் எனக்குப் புரியுது" என்று அவர் தோளைத் தட்டினான். "இனிமே நான் பார்த்துக்கறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

வார்சித்தோ அவரை நேராக ஒரு பழைய ரொட்டிக் கடைக்கு ஓட்டிப்போய், வெண்ணெய் வழியும் கேக்கும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் வாங்கி மடியில் வைத்தான்.

"உங்க ஊர்ச் சாப்பாடு! சாப்பிடுங்க, வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கும்!"

வெள்ளைக்காரர் அந்த ரொட்டியைப் பார்த்தார். வார்சித்தோவைப் பார்த்தார். கண்ணோரம் லேசாகக் கலங்கியிருந்தது. ஒரு வாய் கடித்தார். தாய்நாட்டு ருசி கண்ணீரையே வரவழைத்துவிட்டது என்று வார்சித்தோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் இபு சுலாஸ்த்ரி கடைசியாகக் கூப்பிட்டார். குரலில் அழுகையே வந்துவிட்டது.

"பொறுத்தது போதும்னு அவரே நேரா ஆபீசுக்கு வர்றாராம்! முடிஞ்சுது வார்சித்தோ, எல்லாம் முடிஞ்சுது. கூட்டிட்டு வந்து சேருங்க!"

வார்சித்தோ போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் அந்த மனுசன் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார். இவ்வளவு செய்தும்! ஜோக்ஜகார்த்தாவுக்கு வண்டியை விரட்டினான். ஊருக்குள் நுழைந்ததும் அவர், "அந்தப் பள்ளிவாசல் திருப்பத்துல இறக்கிவிட்டாலும் போதும்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். தப்பித்து ஓடி மறுபடி புகார் எழுதவா? வார்சித்தோ கதவுகளைப் பூட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

ஆபீசில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சோபாவில் இன்னொரு வெள்ளைக்காரர். உயரமானவர், நரைத்த தாடி. வெயிலில் வெந்த மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள். இபு சுலாஸ்த்ரி விசிறியும் கையுமாக அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பாக் வார்சித்தோ," என்றார் இபு, ஒவ்வொரு சொல்லாக. "காலைலேர்ந்து ஸ்டேஷன் வாசல்லயே நின்ன மிஸ்டர் யோஸ்ட் இவர்தான். அப்போ உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

வார்சித்தோ மெல்லத் திரும்பினான். மூங்கில் தொப்பியும் கேக் பெட்டியுமாக நின்றவர், எல்லோருக்கும் பொதுவாகக் கொஞ்சம் குனிந்து வணங்கி, "மன்னிக்கணும்" என்றார்.

உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு வந்த சமையற்காரி துகினெம் அவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருன்னா கேக்கறீங்க? எங்க தெரு மாப்பிள்ளை, இபு! மாமியாரை ரயிலேத்திவிடப் போன ஆளைக் காணோம்னு அவர் பொண்டாட்டி ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கா. இருபது வருசமா நம்மளோடயே குடியிருந்து, பாவம், வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்றதையே மறந்துட்டாரு மனுசன்!"