மூன்று கிலோ பொய்

"அப்பா, உள்ள என்ன பண்றீங்க? நான் எடை பார்க்கணும்!"

"இரும்மா, ஒரு நிமிஷம்!" என்றார் தராசு மெக்கானிக், குளியலறைத் தரையில் குப்புறப் படுத்தபடி. எடை மெஷினின் அடியிலிருந்த சின்னச் சக்கரத்தை இரண்டு கிலோ பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ஊரிலுள்ள கடைத் தராசையெல்லாம் நேராக்கிய கை அது. இன்று கோணலாக்கியது.

மகளுக்குப் பதின்மூன்று வயது. வயதுக்கு மீறிய எடை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அந்த வயதில் மெக்கானிக்குக்கும் இதே உடம்புதான். டிரில் மாஸ்டர் வரிசையில் நிறுத்தி, எடையை மைதானம் அதிரக் கத்துவார். "பீப்பாய்!" என்று வகுப்பே கைதட்டும். சாயங்காலம் பந்தாட்டம் என்றால் அதே பயல்கள், "கோலுக்கு நீதாண்டா, உன்னைத் தாண்டி எது போகும்?" என்று தோளில் கைபோட்டு இழுத்துப் போவார்கள். அந்தப் புழுதி இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தக் கைதட்டலும் காதில் இருக்கிறது.

மகள் ஏறினாள். "அம்மா! ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு!"

அந்தச் சந்தோஷத்தில் மனைவி கேக் வாங்கி வந்தாள். கேக் தன் வேலையைக் காட்டியது. அடுத்த வாரம் சக்கரத்தை இன்னொரு கிலோ தள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்கென்று மனைவியும் ஏறிப் பார்த்தாள்.

"என்னங்க, எனக்கும் மூணு கிலோ குறைஞ்சிருக்கு! நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"வீட்டு வேலை செய்யறே இல்ல..." என்று மென்று விழுங்கினார்.

சேதி அவளுடைய அக்காவுக்குப் போயிற்று. அக்கா வந்து ஏறினாள்; அவளுக்கும் மூன்று கிலோ போச்சு. மறுநாள் மாடிவீட்டுக்காரர்கள் உட்பட ஏழு பேர் குளியலறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். மனைவி பூரித்துப்போய் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். மகளுக்குப் பெரிய துண்டு.

அதைத் தின்றுகொண்டே மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு ஸ்கூல்ல எல்லாருக்கும் எடை பார்க்கறாங்க."

மெக்கானிக் தன் பங்கு கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

மறுநாள் போட்டது போட்டபடி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். நர்ஸ் முன்னால் மூச்சு வாங்க நின்றார்.

"சிஸ்டர், என் பொண்ணு எடையைச் சத்தமா சொல்லிடாதீங்க. வீட்டு மெஷின்ல நான்தான் கொஞ்சம் குறைச்சு வச்சிருந்தேன். நிஜம் தெரிஞ்சா புள்ள மனசு தாங்காது."

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"உங்க பொண்ணு காலையிலேயே வந்து எடை பார்த்துட்டு, ஓட்டப் பயிற்சிக்கும் பேர் கொடுத்துட்டுப் போயிட்டா சார், 'எங்கப்பா வருவார் சிஸ்டர், நிஜ எடையை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், மனசு தாங்காது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா!"